கம்பிச் சுருட்டைக்கு மருதாணி போடலாமா?

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். எனக்கு 37 வயது. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு கிராமத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். சின்ன வயதிலிருந்தே கம்பிச் சுருள் மாதிரி முடி. 9 வருஷம் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்து, பாதி முடி உடைந்துபோனபிறகு நிறுத்திவிட்டேன். நேராக்கிய முடியை எல்லாம் வெட்டிவிட்டு, இப்போது தோள்வரை சொந்தச் சுருட்டை வளர்ந்திருக்கிறது. வகிட்டிலும் காதோரத்திலும் நரை தெரிவதால் மருதாணிப் பொடியில் தயிர், எலுமிச்சைச் சாறு, முட்டை, டீ டிகாக்‌ஷன் கலந்து, இரும்புச் சட்டியில் ஊறவைத்து, மாதம் ஒருமுறை தலை முழுக்கப் போட்டேன். நான்காவது தடவைக்கு அப்புறம் முடி தேங்காய் நார் போல ஆகிவிட்டது. முன்பக்கச் சுருட்டை தளர்ந்து தொங்குகிறது. நரை ஆரஞ்சாகத் தெரிகிறது. கடைக்காரர் ‘கருப்பு மருதாணி’ என்று ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறார், போடலாமா? வீட்டு போர் தண்ணீர் உப்பு. குடிக்க மட்டும் கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வரும். என் மகளுக்கு 8 வயது, அவளுக்கும் இதே முடி. இப்போதிருந்தே மருதாணி போட்டு வந்தால் சுருட்டை குறையுமா?

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதைப் படித்தபிறகு மற்ற கேள்விகளில் எனக்கு மனசு போகவில்லை. மகளுக்குத் தலையில் மருதாணி வேண்டாம். மறைக்க அவளுக்கு நரை இல்லை. குறைத்தே ஆகவேண்டிய கோளாறு எதுவும் அந்தத் தலையில் இல்லை. ஆடி வந்தால் இலையை அரைத்துக் கையில் வைத்துவிடுங்கள், ஆசை தீர வைத்துக்கொள்ளட்டும்.

நானும் அதே முடிக்காரிதான். கும்பகோணத்தில் 22 வருஷமாகப் பார்லர் நடத்துகிறேன். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். திண்ணையில் உட்காரவைத்து, விளக்கெண்ணெயை வழிய வழியத் தேய்த்து, நெருக்கமான பல் வைத்த சீப்பால் உச்சியிலிருந்து ஒரே இழுப்பாக இழுப்பார்கள். அம்மாவுக்கு என்மேல் கொள்ளைப் பிரியம், ஆனால் இந்த முடியை எப்படிச் சீவவேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பள்ளிக்கூடத்தில் என் பெயர் குருவிக்கூடு. அந்தப் பெயர் இப்போதும் எனக்குக் காதில் கேட்கிறது. அதனால்தான் சொல்கிறேன்: உங்கள் மகளுக்கு ஈர முடியில், கண்டிஷனர் தடவி, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து ஆரம்பித்து மேலே ஏறிச் சீவுங்கள். அவள் அழாமல் தலைசீவி முடிக்கிற முதல் நாளே உங்களுக்கு வித்தியாசம் தெரியும்.

ஜனவரிக் கடைசியில் மேட்டூரை மூடி, ஆற்றில் தண்ணீர் வடிந்தபிறகு மணலில் வரிவரியாக நெளிவு நிற்குமே, அதற்கு அறல் என்று பெயர். சங்கப் புலவர்கள் பெண்ணின் கூந்தலுக்கு உவமை தேடும்போது அந்த அறலைத்தான் சொன்னார்கள். சுரிகுழல் என்ற சொல்லும் நம் பழைய பாட்டுகளில் உண்டு; சுருண்ட கூந்தல் என்றுதான் அர்த்தம். வகுப்பில் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிற நீங்கள் இதை வீட்டுப் பிள்ளைக்கும் ஒருநாள் சொல்லிவையுங்கள்.

சரி, உங்கள் தலைக்கு வருவோம்.

மருதாணியைப் பற்றி நம் வீடுகளில் சொல்வது: குளிர்ச்சி, முடிக்குச் சத்து, நன்றாக வளரும். நான் தொழிலில் பார்த்தவரை அது ஒரு சாயம். நல்ல சாயம், ஆனால் சாயம்தான். இலையில் லாசோன் என்று ஒரு சாயப்பொருள், ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு இருக்கிறது. முடி என்பது கெரட்டின் என்ற புரதம். லாசோன் அந்தக் கெரட்டினோடு பிணைந்துகொள்ளும். அப்புறம் எத்தனை முறை அலசினாலும் போகாது. அடுத்த மாதம் போடும்போது அதன்மேலேயே இன்னும் கொஞ்சம் ஏறும். முடி தடிமனாக, கனமாகத் தெரிவது இதனால்தான். அளவோடு இருந்தால் அது நல்லதுதான், உடைகிற முடிக்குக் கொஞ்சம் தாங்கும் வலு கிடைக்கும். அளவு மீறினால் முடி விறைத்து, தண்ணீரே உள்ளே இறங்காத மாதிரி வறண்டுபோகும்.

கோரை முடிக்காரர்களுக்கு இது அவ்வளவாகத் தெரியாது. நமக்கு ஏன் உடனே தெரிகிறது என்றால், நம் முடியே பிறவியில் வறண்டது. மண்டையில் ஊறுகிற எண்ணெய் கோரை முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை போய்விடும். நம்முடையதில் ஒவ்வொரு வளைவிலும் தங்கித் தங்கி, பாதியிலேயே நின்றுவிடும். கடைமடைக்குத் தண்ணீர் வந்துசேராத கதையை உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. நம் தலையில் நுனி முடிதான் கடைமடை. அந்த நுனிக்கு நீங்கள் நான்கு மாதத்தில் நான்கு பூச்சு போட்டிருக்கிறீர்கள். அங்கே நரைகூட இல்லை.

நம் ஊரில் இந்த அளவு இறுகின சுருட்டை குறைவு, அதனால்தான் வழிகாட்ட ஆள் இல்லை. ஆப்பிரிக்காவிலும், அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களிடமும் இதுதான் சாதாரண முடி. நேராக்கும் மருந்தைத் தூக்கிப்போட்டுவிட்டுச் சொந்த முடியை வளர்ப்பதை அங்கே பெரிய இயக்கமாகவே நடத்தினார்கள். அவர்களிலும் நிறையப் பேர் மருதாணி போடுகிறார்கள். சூடான், மொராக்கோ பக்கம் அது தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம். அடிக்கடி முழுத்தலைக்கும் போட்டவர்களில் பலர் சொல்கிற குறை நீங்கள் எழுதிய அதே இரண்டுதான்: வறட்சி, சுருள் தளர்வது. எல்லோருக்கும் தளராது. சிலருக்கு ஒன்றிரண்டு தடவையிலேயே தளரும், சிலருக்கு வருஷக்கணக்கில் போட்டாலும் சுருள் அப்படியே நிற்கும். உங்களுக்குத் தளர்கிற முடி என்று தெரிந்துவிட்டது. தளர்ந்த அந்த முன்பக்க முடி பழையபடி சுருளும் என்று நான் ஆசை காட்டமாட்டேன். ஆனால் வேரிலிருந்து புதிதாக வருவது உங்கள் சொந்தச் சுருளோடுதான் வரும். தோலுக்கு அடியில் இருக்கிற வேரை மருதாணி தொடுவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை நுனியைக் கொஞ்சம் வெட்டிக்கொண்டே வாருங்கள்.

அடுத்தது நீங்கள் கலந்த கலவை. முட்டையும் தயிரும் புரதம். லாசோன் புரதத்தைத்தானே தேடிப்போகும்? உங்கள் முடியில் ஏறவேண்டிய சாயத்தில் ஒரு பங்கு கிண்ணத்திலேயே முட்டையோடு பிணைந்துவிட்டது. நரை சரியாகப் பிடிக்காததற்கு அது ஒரு காரணம். எலுமிச்சையின் புளிப்பு சாயத்தைப் பிரித்துத் தருவது உண்மை, ஆனால் அவ்வளவு புளிப்பு நம் முடிக்கு ஆகாது. உங்கள் தேங்காய் நாருக்குப் பாதிப் பழியை நான் எலுமிச்சைமேல்தான் போடுவேன். அதற்குப் பதில் நெல்லிக்காய்ப் பொடி போதும். மிதமான புளிப்பு, ஆரஞ்சின் பளீரென்ற தன்மையையும் அடக்கிப் பழுப்புப் பக்கம் கொண்டுபோகும், சுருளும் அவ்வளவாகத் தளராமல் நிற்பதை என் வாடிக்கையாளர்களிடம் பார்த்திருக்கிறேன். இரும்புச் சட்டியில் தவறில்லை. டீயில் இருக்கும் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து கருக்கும், அவ்வளவுதான். அதனால் நரை கருப்பாகிவிடாது. சட்டியில் துரு இருந்தால் அந்தத் துகள் சுருளுக்குள் போய் உட்காரும். நான் பீங்கான் கிண்ணத்தில்தான் கலக்கிறேன்.

கருப்பு மருதாணி பாக்கெட்டைத் தயவுசெய்து திறக்காதீர்கள். மருதாணிச் செடி தருகிற நிறம் ஒன்றே ஒன்று, செம்மை. கருப்பாகப் பூக்கிற மருதாணி உலகத்தில் இல்லை. அரை மணியில் கருப்பாக்கும் என்று போட்டிருந்தால் உள்ளே பெரும்பாலும் பாராஃபீனிலின்டைஅமீன் இருக்கும், சுருக்கமாகப் பிபிடி. சாதாரண டையில் இருக்கிற அதே ரசாயனம். டை என்று தெரிந்து போடுகிறவர் சோதித்துப் பார்த்துப் போடுவார். மருதாணி என்று நம்பிப் போடுகிறவருக்கு அந்த எச்சரிக்கையே இருக்காது.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பார்லர் தொடங்கிய மூன்றாம் வருஷம், தங்கை கல்யாணத்துக்காக வந்த ஒரு பெண்ணுக்கு நானே அப்படி ஒரு பாக்கெட்டைப் போட்டுவிட்டேன். ‘இலைப்பொடி’ என்று அட்டையில் இருந்ததை நம்பினேன். மறுநாள் காலை காதுக்குப் பின்னால் அரிப்பு, சாயங்காலம் நெற்றி வீங்கி இரண்டு கண்ணும் மூடிக்கொண்டன. ஆஸ்பத்திரியில் ஊசி, மாத்திரை என்று ஒரு வாரம் போய், கல்யாணப் படத்தில் அந்தப் பெண் இல்லை. ஒருமுறை அந்த ஒவ்வாமை வந்தால் ஆயுசுக்கும் போகாது. இனி அவர் எந்தச் சாதாரண டையும் போடமுடியாது. நான் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் மன்னித்தார், அந்தக் காலையை என்னால் இன்றுவரை மறக்கமுடியவில்லை. அன்றிலிருந்து அட்டையின் பின்பக்கத்தை முழுக்கப் படிக்காமல் எதையும் யார் தலையிலும் வைப்பதில்லை.

சிவப்பு மருதாணிப் பாக்கெட்டிலும் சோடியம் பிக்ரமேட் என்ற சாயம் கலப்பதுண்டு. நல்ல பொடி காய்ந்த பச்சை இலை வாசம் வீசும், தண்ணீரில் போட்டதும் நிறம் விடாது. ஊறின பிறகுதான் விடும். ராஜஸ்தானில் சோஜத் பக்கம் விளைகிற இலையின் பொடி நல்ல நிறம் தரும். எதை வாங்கினாலும், சித்த மருந்துக்கு வஸ்திரகாயம் செய்வது போல மெல்லிய துணியில் சலியுங்கள். நம் சுருளுக்குள் ஒரு காம்புத் துண்டு மாட்டினால் எடுக்கும்போது நாலு முடி சேர்ந்து வரும். வீட்டுச் செடி இலையை அம்மியில் அரைத்துக் கைக்கு வையுங்கள், தலைக்கு வேண்டாம் என்று நான் சொல்வதும் அந்தத் திப்பிக்காகத்தான்.

இனி செய்யவேண்டியது. இரண்டு மாதம் மருதாணியைத் தொடாதீர்கள். வாரம் ஒருமுறை தலைக்குக் குளித்ததும், தண்ணீர் சொட்டுகிற முடியிலேயே கண்டிஷனரை நுனியிலிருந்து பாதிவரை தாராளமாகத் தடவி, அரை மணி நேரம் மூடிவைத்து அலசுங்கள். பிறகு அந்த ஈரத்தின்மேல் தேங்காய் எண்ணெய் நாலைந்து சொட்டு. காய்ந்த முடியில் எண்ணெயை ஊற்றினால் பிசுக்குத்தான் மிஞ்சும். ஈரத்தின்மேல் தடவினால் அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கும். சீயக்காயைக் கொஞ்ச நாளைக்குத் தள்ளிவையுங்கள்.

அப்புறம் நரைக்கு. சீப்பில் வருகிற நரைமுடி ஏழெட்டைச் சேர்த்து நூலால் கட்டிவைத்துக்கொள்ளுங்கள், கலவையை முதலில் அதில் போட்டு நிறம் பாருங்கள். முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து, கழுவிவிட்டு, இரண்டு நாள் பொறுங்கள். அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் மேலே போகலாம்.

வகிட்டுக்கும் காதோரத்துக்கும் 50 கிராம் மருதாணிப் பொடி போதும், அதில் மூன்று டீஸ்பூன் நெல்லிப்பொடி. வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றி, கெட்டித் தயிர் பதத்துக்குக் கரையுங்கள். கொதிக்கும் தண்ணீர் வேண்டாம். சித்திரை வெயிலில் இரண்டு மூன்று மணி நேரத்தில் ஊறிவிடும், மார்கழியில் இரவு முழுக்க வைக்கவேண்டும். மணியைப் பார்ப்பதைவிட உள்ளங்கையில் ஒரு சொட்டு வைத்து ஐந்து நிமிஷத்தில் துடைத்துப் பாருங்கள், ஆரஞ்சுக் கறை விழுந்தால் தயார். எண்ணெய் இல்லாத சுத்தமான தலையில், முடியை எட்டுப் பாகமாகப் பிரித்துக்கொண்டு, நரை இருக்கிற வேர்ப்பக்கம் மட்டும் விரலால் ஒற்றி ஒற்றி வையுங்கள். சுருளை இழுத்து நேராக்கி, அதன்மேல் பூசவேண்டாம். பழைய முடிக்குக் கலவை இறங்காமல் இருக்க அங்கே கண்டிஷனரைத் தடவிவிடுங்கள்.

முக்கியமான ஒன்று. தலையில் மருதாணி காயவே கூடாது. காய்ந்து பொருக்காகும்வரை வெயிலில் உட்காருவது நம்மூர்ப் பழக்கம். காய்ந்த பொருக்கை உதிர்க்கும்போது நம் முடி வளைவுக்கு வளைவு உடையும். ஷவர் கேப் போடுங்கள், இல்லையென்றால் அனலில் வாட்டிய வாழை இலையைச் சுற்றி மேலே பழைய துண்டைக் கட்டுங்கள். இரண்டரை மணி நேரம் போதும்.

அலசுவதில்தான் பாதிப் பேர் அவசரப்படுகிறார்கள். குழாயடியில் நின்று தலையைக் கசக்காதீர்கள். அகலமான அன்னக்கூடையில் தண்ணீர் நிரப்பி, குனிந்து தலையை முழுக்க உள்ளே விட்டு, வயலில் நாற்றின் வேரை அலசுவது போல விரலை விரித்து மெதுவாக ஆட்டுங்கள். முதல் தண்ணீர் சேறாகப் போகும், இரண்டாவது குளத்துத் தண்ணீர் நிறத்தில், மூன்றாவதில்தான் விரல் தெரியும். அதற்கப்புறம் செம்பருத்தி இலை இரண்டு கைப்பிடியைத் தண்ணீரில் கசக்கி வடிகட்டினால் வழவழவென்று ஒரு சாறு வரும். அதை ஊற்றி வேரிலிருந்து நுனிக்கு விரலால் வழித்துவிடுங்கள். சுருளுக்குள் ஒளிந்திருக்கிற பொடி அந்த வழவழப்பில் நழுவி வெளியே வரும். தங்கிவிட்டால் காய்ந்ததும் மணலாக உரசும். கடைசியில் கண்டிஷனர். இரண்டு நாளைக்கு ஷாம்பு வேண்டாம். முதல் நாள் ஆரஞ்சைப் பார்த்து பயப்படாதீர்கள், மூன்றாம் நாளுக்குள் நிறம் ஆழமாகிவிடும்.

அந்தச் செம்பழுப்பு பிடிக்காமல் கருப்புதான் வேண்டும் என்றால் அவுரி இலைப் பொடி இருக்கிறது, திண்டிவனம் பக்கமே விளைகிறது. மருதாணி போட்ட மறுநாள், அதே வேர்ப்பகுதிக்கு மட்டும். வெறும் வெந்நீரில் கரைத்துப் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போட்டுவிடவேண்டும், புளிப்பு எதுவும் சேர்க்கக் கூடாது. ஒரு மணி நேரத்தில் அலசலாம். முதலில் பச்சையாகத் தெரிந்தாலும் ஒன்றிரண்டு நாளில் கருக்கும். அவுரியும் முடியை வறட்டும், அதனால் கண்டிஷனரில் கஞ்சத்தனம் வேண்டாம். அதன் பாக்கெட்டையும் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள்.

முடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒருமுறை, வேருக்கு மட்டும் என்றால் போதும். சைனஸ் தொல்லை இருந்தால் ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் போடவே வேண்டாம், நரை இரண்டு மாதம் தெரிந்தால் தெரியட்டும். மீண்டும் ஸ்ட்ரெய்ட்டனிங் பக்கம் மனசு போனால், மருதாணி ஏறிய முடியில் அந்த மருந்து எப்படி வேலை செய்யும் என்று யாரும் உறுதி சொல்லமுடியாது என்பதையும் மனசில் வையுங்கள். முடி உடைவது வேறு, வேரோடு உதிர்வது வேறு. வேரோடு கொத்தாக வந்தால் தோல் மருத்துவரைப் பாருங்கள், ரத்தச் சோகையும் தைராய்டும் சோதிக்கச் சொல்வார்.

வீட்டில் யாராவது கைக்குழந்தைக்கு அழகுக்காகக் கை கால் முழுக்க மருதாணி பூச வந்தால் தடுத்துவிடுங்கள். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கு லாசோன் தோல் வழியே உள்ளே போய் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும், உயிருக்கே ஆபத்தாகலாம். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று பார்த்துத் தெரியாது.

கடைசியாக உங்கள் தண்ணீர். போர் தண்ணீரில் இருக்கிற உப்பும் சுண்ணாம்புச் சத்தும் முடியில் படிந்து, மருதாணி கொடுத்த விறைப்போடு இதுவும் சேர்கிறது. கடலோர டெல்டாவிலிருந்து என்னிடம் வருகிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் குறை உண்டு. முதல் இரண்டு அலசல் போர் தண்ணீரில் போகட்டும். கலவை கரைக்கவும் கடைசி அலசலுக்கும் மட்டும் கொள்ளிடத் தண்ணீரில் ஒரு குடம் ஒதுக்குங்கள். மழை பெய்தால் முதல் பத்து நிமிஷத்தை விட்டுவிட்டு, கூரைத் தண்ணீர் இரண்டு குடம் பிடித்து, கொசு முட்டையிடாமல் துணி கட்டி மூடிவையுங்கள். உங்களுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று.

அன்புடன்,
உங்கள் அக்கா